6-க்கு 2 போட்ட விடை: தண்ணீர் சேமிப்புக் கேள்வியில் புவியியல் திறனை எப்படி மதிப்பிடுவது?

அல்சூர் டீச்சர்:

வணக்கம். பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். போன வாரம் திருத்திய ஒரு விடைத்தாளைப் பற்றிக் கேட்க வேண்டும். மூன்று நாளாக அதே நினைப்பு.

ஒன்பதாம் வகுப்புக்குத் தண்ணீர் சேமிப்பை வைத்து ஒரு கேஸ் ஸ்டடி கேள்வி கொடுத்தேன். 30-க்கு 40 மனையில் ஒரு வீடு. மொட்டை மாடி 1,200 சதுர அடி. வீட்டில் நான்கு பேர். பெங்களூருவின் ஆண்டு மழை சுமார் 970 மி.மீ. மாடியில் விழுவதில் 80 சதவீதத்தைப் பிடிக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை. வருடத்துக்கு எவ்வளவு சேரும், எத்தனை நாளுக்கு வரும் என்பது முதல் பகுதி. பெரும்பாலான பிள்ளைகள் சரியாகப் போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 86,500 லிட்டர், 160 நாள்.

இரண்டாம் பகுதிக்கு 6 மதிப்பெண். "இந்த வழி உன் தெருவுக்குப் பொருந்துமா? காரணத்தோடு எழுது." கூடவே அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள பகுதியின் வரைபடம் ஒன்றும் உயரக் குறிப்புகளோடு கொடுத்திருந்தேன்.

விடைக்குறிப்பில் நான் எழுதி வைத்திருந்தவை இவை: நிலத்தடி நீர் உயரும், டேங்கர் செலவு குறையும், மழை நாளில் தெருவில் தண்ணீர் தேங்காது, 2009-ல் வந்த சட்டத் திருத்தத்தால் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகியிருக்கிறது, ஆகவே பொருந்தும். 38 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அப்படியே எழுதினார்கள். "தண்ணீர் உயிர்நாடி, மரம் நடுவோம்" என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 5, 6 என்று போட்டுக்கொண்டே போனேன்.

ஒரு பெண் மட்டும் "பொருந்தாது" என்று எழுதியிருந்தாள். ஏரிக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருக்கிறாள். அவள் எழுதியதைச் சுருக்கித் தமிழில் தருகிறேன். "எங்கள் கட்டிடம் 20-க்கு 30. நான்கு மாடி, எட்டு வீடு, முப்பது பேர். மாடி ஒன்றுதான். 600 சதுர அடி. வருடம் முழுக்கப் பிடித்தாலும் 43,000 லிட்டர். ஆளுக்கு 1,440 லிட்டர். பத்து நாள் தண்ணீர். சம்ப் 5,000 லிட்டர். காவேரித் தண்ணி வந்த அன்று மழையும் பெய்தால் எங்கே விடுவது? எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. மழைத்தண்ணீர் ஏரிக்குத்தான் ஓடுகிறது. எங்களுக்கு ஏரிதான் சம்ப்." வரைபடத்தில் தன் சந்திலிருந்து ஏரிக்கு ஓர் அம்பும் போட்டிருந்தாள்.

நான் போட்டது 2. குறிப்பில் இருந்த எதுவும் அதில் இல்லை. இரவு பதினொன்றரை மணி, இன்னும் பதினைந்து தாள் பாக்கி. மறுநாள் காலையில் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. கொடுத்த எண்ணைத் தன் இடத்துக்கு மாற்றிப் போட்டிருக்கிறாள், ஜன நெருக்கத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறாள், வரைபடத்தில் சரிவைப் பார்த்திருக்கிறாள். ஒரு மாதமாக நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தது இதைத்தான். செய்து காட்டிய ஒரே பிள்ளைக்கு வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண்.

என் கேள்விகள்: இப்படிப்பட்ட விடையையும் பிடிக்கிற மாதிரி விடைக்குறிப்பு எழுதுவது எப்படி? அவளுடைய தாளை மட்டும் மாற்றித் திருத்தினால் மற்றவர்களுக்கு நியாயமா? மனப்பாடத்தைத் தள்ளிவிட்டுத் திறனை மட்டும் பார்க்கிற கேள்வியை நீங்கள் எப்படி அமைக்கிறீர்கள்?

ஜாலஹள்ளி சார்:

டீச்சர், எனக்கு இது 22-வது வருடம். சிக்கல் விடைக்குறிப்பில் இருக்கிறது என்கிறீர்கள். கேள்விக்கும் குறிப்புக்கும் நடுவில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. "உன் தெருவுக்கு" என்று கேட்டுவிட்டால் 38 பிள்ளைகளுக்கு 38 தெரு. குறிப்பில் ஒரே ஒரு தெரு இருந்தால் எப்படி? "பொருந்தும்", "பொருந்தாது" இரண்டுக்குமே மதிப்பெண் கிடையாது என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள். அந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்பதற்குத்தான் மதிப்பெண்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கேஸில் வேண்டுமென்றே ஒரு தகவலை விட்டுவிடுவேன். மழை அளவு இருக்கும், மாடிப் பரப்பு இருக்கும், தொட்டியின் கொள்ளளவு இருக்காது. "முடிவு சொல்வதற்கு முன் உனக்கு வேறென்ன தெரிய வேண்டும்? ஏன்?" என்பதுதான் கேள்வி. மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே நின்றுவிடும். தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்கிற பிள்ளை, எந்த மாதத்தில் எவ்வளவு மழை என்று கேட்கிற பிள்ளை, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிற பிள்ளை, இவர்களுக்கெல்லாம் பாடம் பிடிபட்டுவிட்டது. உங்கள் மாணவி யாரும் கேட்காமலே இந்த மூன்றில் இரண்டைக் கேட்டுப் பதிலும் எழுதியிருக்கிறாள்.

இன்னொரு கேள்வி சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் செய்தியில் மேட்டூர் எத்தனை அடி என்று கேட்கிறார்கள், கன்னடச் செய்தியில் கேஆர்எஸ், அதாவது கிருஷ்ணராஜ சாகர் அணை, எத்தனை அடி என்று கேட்கிறார்கள். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. கிருஷ்ணராஜ சாகரின் முழு நீர்மட்டம் 124.80 அடி. ஆனால் கேஆர்எஸ் கொள்ளளவு 49.45 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), மேட்டூர் 93.47 டிஎம்சி. இந்த நான்கு எண்ணை மட்டும் பலகையில் எழுதிவிட்டு "ஏன்?" என்று கேட்பேன், அவ்வளவுதான்.

முதல் வருடம் பாதிப் பேர் "மேட்டூரில் மழை அதிகம்" என்று எழுதினார்கள். அடிக்கும் கொள்ளளவுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த வருடம் ஒரு தாம்பாளத்தையும் ஒரு குடத்தையும் மேசையில் வைத்து, இரண்டிலும் மூன்று விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பள்ளத்தாக்கின் அகலம், சரிவு, நீர் பரவும் பரப்பு எல்லாம் அதற்கப்புறம் தானாக வந்தது. சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நெருக்கமாக இருந்தால் அணையில் என்ன ஆகும், விலகி இருந்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்து வரைபடத்துக்குப் போய்விடலாம்.

காவேரி என்றாலே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுமோ என்று நானும் பல வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். என் வகுப்பில் கன்னடப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய சரிபாதி. எண்ணை வைத்துக் கேட்டபோது ஒரு சண்டையும் வரவில்லை. 1 டிஎம்சி என்றால் சுமார் 2,830 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் பெங்களூருவுக்கு நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்கானது. அப்படியானால் 1 டிஎம்சி அந்தத் திட்டத்துக்கு எத்தனை நாள் வரும்? சுமார் 36 நாள். இதைப் போட்டு முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், நான் டிஎம்சி என்றால் ஒரு அணை என்று நினைத்தேன்" என்றான். பத்து வருடமாக டிவியில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன்.

மற்றவர்களுக்கு நியாயமா என்று கேட்டீர்கள். 38 தாளையும் மறுபடி திருத்துங்கள். வேறு வழியில்லை.

ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர், லிங்கராஜபுரம்:

நான் ஆசிரியன் இல்லை. மழைநீர்த் தொட்டி, மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் மறுஊட்டல் கிணறு அமைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள், அதனால் இங்கே எட்டிப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்ணின் கணக்கு சரி. 600 சதுர அடி என்றால் 55.7 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு, 80 சதவீதம் பிடித்தால், 44 லிட்டருக்குச் சற்று மேல். அவர்களுடைய 5,000 லிட்டர் சம்ப் காலியாக இருந்தாலே 112 மி.மீ. மழையில் நிரம்பிவிடும். டீச்சர் கொடுத்த 1,200 சதுர அடி வீட்டுக்கும் இதே கதைதான், அதே அளவு சம்ப் என்றால் அங்கே 56 மி.மீ. போதும். செப்டம்பர், அக்டோபரில் இது சாதாரணமாகப் பெய்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றும் இருக்காது. ஆகவே, 86,500 லிட்டர், 160 நாள் என்பது தாளில் வரும் விடை. அந்தத் தண்ணீரை 160 நாளுக்குத் தேக்கி வைக்க எங்கே தொட்டி இருக்கிறது? உங்கள் முதல் பகுதியிலேயே இந்தக் குறை இருக்கிறது, டீச்சர். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருட மழைத் தண்ணீரை ஒரு நாள் தேவையால் வகுத்துப் பார்ப்பது எண்கணிதம். மாதாமாதம் வரவு, செலவு, மிச்சம் என்று போட்டுப் பார்க்கும்போதுதான் சேமிப்பு என்ற விஷயமே உள்ளே வருகிறது.

ஆனாலும் நானாக இருந்தால் அவளுக்கு முழு மதிப்பெண் போட மாட்டேன். "எங்களுக்கு ஏரிதான் சம்ப்" என்பது அழகான வாக்கியம், நானும் இரண்டு தடவை படித்தேன். ஆனால் தெருவில் ஓடுகிற தண்ணீர் எதையெல்லாம் அள்ளிக்கொண்டு ஏரிக்குப் போகிறது? 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேமித்ததைப் பயன்படுத்த முடியுமா என்பதும் சேமிப்புக் கேள்விக்குள் வந்துதான் ஆக வேண்டும். முப்பது பேருக்குக் குளிக்க, துவைக்கப் போதாத 43,000 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் எவ்வளவு நாள் வரும் என்றும் அவள் யோசித்திருக்கலாம். 6-க்கு 5 போடுவேன்.

நீடித்து நிற்குமா என்பதைப் பார்க்க ஒரு கேஸ் சொல்கிறேன். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். அர்க்காவதியும் குமுத்வதியும் சேரும் இடத்தில் 1933-ல் வந்தது. 1974-ல் காவேரித் திட்டத்தின் முதல் கட்டம் வரும்வரை இந்த ஊருக்கு அது பெரிய ஆதாரம். அப்புறம் வரத்து குறைந்துகொண்டே போய், நகரத்துக்குத் தண்ணீர் தர முடியாத நிலைக்கு வந்தது. அணை உடையவில்லை, அதே இடத்தில்தான் நிற்கிறது. மாறியது மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி. போர்வெல் ஆழமாகி நிலத்தடி நீர் இறங்கியது. நிலத்தடி நீர் ஊறி ஓடையில் கசிந்தது நின்றது. யூகலிப்டஸ் தோப்புகள் வந்தன, ஓடைகளில் ஆக்கிரமிப்பும் தடுப்பும் வந்தன. "தொட்டி அதே தொட்டி, தண்ணீர் எங்கே போனது?" என்று கேட்டு, அந்தப் பகுதியின் பழைய, புதிய வரைபடங்களைக் கொடுத்துப் பாருங்கள்.

கம்மனஹள்ளி அம்மா:

நான் படித்தது பத்தாவது வரைதான். பெண் இங்கிலீஷ் மீடியம். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். என் பெண்ணுக்கு எல்லாம் தெரியும், எழுதும்போது சின்னதாகிவிடும். 2024 மார்ச்சில் எங்கள் ஏரியாவில் போர் வற்றிப்போய், ஒரு டேங்கர் லோடை ஆறு வீடு பங்கு போட்டோம். எந்த வீட்டுக்கு எத்தனை குடம், துணி துவைத்த தண்ணீரை எதற்கு வைத்துக்கொள்வது, எல்லாக் கணக்கும் வைத்தவள் அவள்தான். அந்த வருடப் பரீட்சையில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்த நாலு பாயிண்டை எழுதிவிட்டு வந்தாள். ஏண்டி நம்ம வீட்டில் நடந்ததை எழுதவில்லை என்றேன். "அதெல்லாம் ஆன்சரா அம்மா?" என்றாள்.

உங்கள் மாணவி அதுதான் ஆன்சர் என்று நம்பி எழுதியிருக்கிறாள், மிஸ். 2 போட்டதைப் பார்த்தால் இனிமேல் எழுத மாட்டாள். தாளை சீக்கிரம் திருத்திக் கொடுங்கள். முடிந்தால் பிள்ளைகளை ஒரு மூன்று நிமிடம் வாயால் சொல்லச் சொல்லியும் மார்க் போடுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி.

அல்சூர் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலைப் படித்த அன்றே 38 தாளையும் திரும்ப எடுத்தேன்.

புதுக் குறிப்பு இப்படி அமைந்தது. கொடுத்த எண்ணையோ வரைபடத்தையோ தன் இடத்துக்குப் பொருத்தியிருந்தால் 2. ஒரு காரணத்திலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி போல் போயிருந்தால் 2. தன் முடிவு எங்கே செல்லாது, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தால் 2. பாடப்புத்தக வரி எழுதியிருந்தால் அதற்காகக் கழிக்கவில்லை, அதற்கென்று தனியாகக் கொடுக்கவும் இல்லை.

யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று வகுப்பில் முதலிலேயே சொல்லிவிட்டேன். பழையது, புதியது இரண்டில் எது அதிகமோ அது. கேள்வி தெளிவாக இல்லாததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக்கூடாது. ஆனால் புதிய மதிப்பெண்ணையும் தாளில் பென்சிலால் எழுதிக் காட்டினேன். 6 வாங்கிய பலர் அதில் 1, 2 பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். ஒவ்வொருவரோடும் அவரவர் தெருவைப் பற்றிப் பேசினேன். பதினேழு வீடு கொண்ட அபார்ட்மென்டில் இருக்கிற ஒரு பையன், அவர்களுடைய மாடியில் பாதியைச் சோலார் ஹீட்டரும் தண்ணீர் டேங்கும் அடைத்திருக்கின்றன என்றான். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால் அவனும் உங்கள் பெண் சொன்னதையேதான் சொன்னான், அம்மா.

அந்தப் பெண்ணுக்கு 5. இன்ஜினியர் ஐயா சொன்ன காரணத்துக்காகத்தான் 1 குறைந்தது, அதை அவளிடமே சொன்னேன். "மிஸ், அப்ப ஏரித் தண்ணீர் நிறைஞ்சா எங்க போகும்?" என்று கேட்டாள். இந்த ஊர் ஒரு மேட்டின் முகட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பலகையில் வரைந்தேன். மேற்கே விழுவது அர்க்காவதி வழியாகக் காவேரிக்குப் போகிறது. நம் பக்கம் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்க் கடல். வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர். "எங்க தாத்தா வயலுக்கு நாங்க விட்ட தண்ணியா வருது?" என்று ஒருத்தன் கேட்டான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பத்தாம் வகுப்புக்கு எங்கள் ஐசிஎஸ்இ வைத்திருக்கும் 45டி/7, 45டி/10 நிலவரைபடத் தாள்கள் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியைக் காட்டுபவை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகள், கிணறுகள் எல்லாம் அதில் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். பரீட்சைக்கு அது வேண்டும்தான். ஒன்பதாவதிலாவது சொந்த ஊர்த் தாளைக் கையில் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

அடுத்த கேஸுக்கு ஏரியிலிருந்து பெல்லந்தூர் வரை ஒரு வரைபடம், மாதவாரி மழை அட்டவணை இரண்டும் தருகிறேன். தொட்டியின் அளவை மறைத்துவிடுகிறேன். எழுத்துக்கு ஒரு பாதி, வாய்மொழிக்கு ஒரு பாதி. சார், 38 பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று பீரியட் போய்விடும். நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள்?

ஜாலஹள்ளி சார்:

இரண்டிரண்டு பேராக நிற்க வைத்துவிடுங்கள், டீச்சர். ஒருவர் தன் தெருவைச் சொல்ல, மற்றவர் "உனக்கு வேறென்ன தெரிய வேண்டும்" என்று கேட்கட்டும். கேட்பவருக்கும் மதிப்பெண். ஒன்றரை பீரியடில் முடிந்துவிடும்.

ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர், லிங்கராஜபுரம்:

ஒரு சின்ன எச்சரிக்கை. 1:50,000 தாளில் சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். ஒரு தெருவின் சரிவு அதில் பிடிபடாது. பிள்ளைகள் ஊகித்து அம்பு போட்டுவிடுவார்கள். அடுத்த மழை நாளில் அவரவர் வீட்டு வாசலில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மோரியில் (சாக்கடையில்) விழுகிறது என்று பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். அதை வகுப்பில் ஒரே வரைபடத்தில் சேர்த்துக் குறித்தால் 38 அம்பு கிடைக்கும். இரண்டு அம்பு ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். அங்கே மூடிய கால்வாய் ஒன்று இருக்க வாய்ப்புண்டு.